தனித்தனியாகச் சொல்பவர்

உலகத்தில் கெட்ட செய்தி சொல்பவர்கள் பல வகை. மென்று விழுங்கிச் சொல்பவர் உண்டு. சபையில் போட்டு உடைப்பவர் உண்டு. "முதல்ல உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று ஆரம்பித்து, விஷயத்துக்கு வருமுன்பே நம்மைப் பாதி சாகடித்துவிடுபவர் உண்டு. இவர்களையெல்லாம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இன்று நான் உங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தப்போகிற பிறவிக்கு இதுவரை யாரும் ஒரு பெயர்கூட வைக்கவில்லை. அந்தக் குறையை நானே தீர்த்துவிட்டேன். இவர் பெயர் தனித்தனியாகச் சொல்பவர்.

எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்கிறீர்களா? ரொம்பச் சுலபம். தெருவில் கரண்ட் போகட்டும். நீங்களும் நானும் என்ன செய்வோம்? "கரண்ட் போச்சு" என்று சொல்லிவிட்டு, ஒரு அட்டையை எடுத்து விசிறிக்கொண்டு, மின்சார வாரியத்தை மனசுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவோம். இவர் உட்காரமாட்டார். போனை எடுப்பார். "சார், எங்க வீட்ல ஃபேன் நின்னுடுச்சு." வைத்துவிடுவார். நீங்கள் மறுபடி விசிற ஆரம்பிக்கும்போது மறுபடி மணி அடிக்கும். "சார், இது வேற விஷயம். டியூப் லைட் எரியல." அதற்கப்புறம் ஃப்ரிட்ஜ். அதற்கப்புறம் தண்ணீர் மோட்டார். அதற்கப்புறம், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, மிக்சி. கடைசியில் நீங்கள் பொறுமை இழந்து, "ஐயா, மொத்தத்துல கரண்ட் போயிருக்குதுங்க" என்று கத்துவீர்கள். அந்தப் பக்கம் அவர், "அடக் கடவுளே, அதுவும் போச்சா!" என்று பதறி, அதையும் நாலு பேருக்குச் சொல்லக் கிளம்பிவிடுவார்.

கவனித்தீர்களா, இவர் பொய்யே சொல்வதில்லை. ஃபேன் நின்றது உண்மை. மிக்சி ஓடாததும் உண்மை. பொய் என்றால் சட்டையைப் பிடித்துச் சண்டை போடலாம், உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 'இது எதனால்?' என்று ஒரு கேள்வி இருக்கிறதே, அது மட்டும் இவருக்கு ஆயுளில் தோன்றாது. இவருக்குத் தோன்றுகிற ஒரே கேள்வி, 'இதை யாரிடம் சொல்லலாம்?' என்பதுதான். சொன்னவுடன் முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், கடன் அடைந்தவன் முகத்தில்கூட அப்படி வராது. "உங்க காதுல போட்டு வைக்கிறேன்" என்பது இவருடைய முகவுரை. "அப்புறம் சொல்லலன்னு சொல்லக் கூடாது" என்பது இவருடைய முடிவுரை. நடுவில் உங்களுடைய அன்றைய தூக்கம் போயிருக்கும்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரியை நான் பக்கத்தில் வைத்தே பார்த்திருக்கிறேன். கோட்டக்குப்பத்தில் 'ஹபீப் நெட்' என்று ஒரு கம்பெனி. அங்கே பில் எழுதுவது என் வேலை. என் மேசைக்கு நேர் எதிரே சூப்பர்வைசர் சகாதேவனின் மேசை. முன்ஜென்மத்தில் நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை.

கம்பெனி முதலாளி ஹபீப் முஹம்மது பாய். துபாயில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்த மனிதர். கம்பி இல்லாமல் இன்டர்நெட் கொடுக்கிறது அவருடைய வியாபாரம். கோட்டக்குப்பம் மாடியிலிருந்து பொம்மையார்பாளையத்தில் ஒரு ஐஸ் கம்பெனி மாடிமேல் இருக்கிற பெட்டிக்கு லைன் போகும். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கிளை இரும்பை கிராமத்துப் பக்கம் மேடேறி ஆரோவில்காரர்களுக்குப் போகும், இன்னொரு கிளை கடலை ஒட்டியே வடக்கே மரக்காணம் வரைக்கும் போகும். ஆக, பொம்மையார்பாளையத்துப் பெட்டி படுத்தால் அதற்குப் பின்னால் இருக்கிற அத்தனையும் படுக்கும். பில் எழுதுகிற எனக்கே இது புரிகிறது. உங்களுக்கும் புரிந்துவிட்டது. சகாதேவனுக்கு?

சுனாமி அலை வந்துபோனதிலிருந்து எங்கள் கடற்கரையில் எச்சரிக்கை என்ற சொல்லுக்கே தனி மரியாதை. பாயும் ஒரு எச்சரிக்கை சாஃப்ட்வேர் வாங்கி ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டார். அது சளைக்காமல் ஒவ்வொரு ஊரையும் 'இருக்கியா, இருக்கியா' என்று கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் உடனே 'இன்ன ஊர் டவுன்', அதாவது படுத்துவிட்டது, என்று செல்போனுக்கு ஒரு மெசேஜ் தட்டிவிடும். மெசேஜ்கள் இரண்டே பேருக்குப் போகும்படி வைத்திருந்தார்கள். ஒருவர் சகாதேவன். இன்னொருவர் யார் என்று நினைக்கிறீர்கள்? மறுபடியும் சகாதேவன்தான், அவருடைய இரண்டாவது செல்போன். ஏணி ஏறிப் பழுது பார்க்கிற இஞ்சினியர் தௌபீக்குக்கு மெசேஜ் கிடையாது. "அவன் ஜூனியர்பா. விஷயத்தை முதல்ல பெரியவங்க காதுல போட்டுட்டு, அப்புறமா அவன்கிட்ட சொல்லிக்கலாம்" என்பது சகாதேவன் வகுத்த முறை.

முதல் தடவை பொம்மையார்பாளையத்துப் பெட்டி படுத்தபோது நான் எதிரில்தான் இருந்தேன். மேசைமேல் இரண்டு செல்போன்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு கீச்சிட்டன. மரக்காணம் டவுன். மரக்காணம் மெயில் டவுன். மரக்காணம் வெப் டவுன். இரும்பை டவுன், இரும்பை மெயில் டவுன், ஆரோவில் டவுன் என்று வரிசையாக, ஒரு ஊருக்கு மூன்று நான்கு என்ற கணக்கில், கடற்கரை முழுக்க எழவு விழுந்த மாதிரி செய்திகள். சகாதேவன் முகத்தில் ஒரு ஒளி வந்தது. மனிதர் எழுந்து நின்றார். பெல்ட்டை இறுக்கினார். ஆபீஸ் போனை எடுத்து, வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் கூப்பிட ஆரம்பித்தார்.

"சார், உங்க லைன் டவுன் ஆயிடுச்சு."

"தெரியுதுங்க. அதைச் சொல்லத்தான் நானே உங்களுக்கு ட்ரை பண்ணிட்டிருக்கேன், எங்கேஜ்டாவே இருக்குது."

"நல்லது சார். இன்னொரு விஷயம், உங்க மெயிலும் டவுன்."

தௌபீக் அப்போது எங்கே இருந்தான்? மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். யாராவது ஒரு குரல் கொடுத்திருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு போய் வந்திருப்பான். நான் கொடுத்திருக்கலாமே என்கிறீர்களா? சகாதேவன் கையைக் காட்டி என்னை உட்கார வைத்துவிட்டார். "முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

அன்றைக்கு எங்கள் கம்பெனியின் போனுக்காக மரக்காணத்தில் ஒரு பெண் தவித்துக்கொண்டிருந்தாள். ஆன்மேரி. உப்பளச் சங்கக் கட்டடத்தில் ஒரு அறை, சென்டர் என்பார்கள், அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன், கூரைமேல் ஒலிபெருக்கி. இன்டர்நெட்டில் மேகப் படத்தைப் பார்த்து, மழை வருகிற மாதிரி இருந்தால் மைக்கில் சொல்வது அவள் வேலை. சொன்னதும் உப்பளத்தில் இருக்கிறவர்கள் பாத்தியில் விளைந்து கிடக்கிற உப்பை வாரிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். கோடை மழை அரைமணி நேரம் பெய்தால் போதும், மூடாத உப்பு வந்த வழியே போய்விடும். ரேடியோவை நம்பலாம்தான். ஆனால் அது 'கடலோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில்' என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போடப் போய்விடும், அந்த ஓரிரு இடம் எது என்று யார் சொல்வது? அதற்குத்தான் ஆன்மேரி. சங்கம் கொடுக்கிற சம்பளத்தில்தான் அவளுடைய இரண்டு பெண்களும் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மேகம் வந்தது, நல்லவேளை கடலுக்குள்ளேயே கொட்டிவிட்டுப் போய்விட்டது. ஆனாலும் சங்கச் செயலாளர் அர்ச்சுனன் ஆபீசுக்கே வந்துவிட்டார். அதிகம் பேசாத ஆள்.

"மழை கடல்ல பேஞ்சதால பொழச்சோம். இன்னொரு தடவை இப்படி லைன் அத்துப்போய் எங்களுக்குத் தெரியாம இருந்துச்சுன்னா, சென்டரை மூடிடுவோம். அந்தப் பொண்ணுக்கும் வேற வேலை பாத்துக்கச் சொல்லிடுவேன்."

"நான் போன் பண்ணினேனே சார்" என்றார் சகாதேவன். "உங்க சென்டருக்கு மட்டும் மூணு தடவை பண்ணேன்."

"பண்ணீங்க. சாயங்காலம் பண்ணீங்க."

அர்ச்சுனன் போனதும் தௌபீக் வந்தான். பையன் கெட்டிக்காரன், ஆனால் பெரியவர்களிடம் பேசும்போது வார்த்தையை அளந்து பேசுவான். "அண்ணே, இந்த சாஃப்ட்வேர்லயே ஒரு வசதி இருக்குது. எது எதை நம்பி இருக்குதுன்னு ஒரு தடவை சொல்லிக் குடுத்துட்டா போதும். மேல இருக்கறது பதில் சொல்லலன்னா, அதை நம்பி இருக்கறதையெல்லாம் அது டெஸ்டே பண்ணாது. பொம்மையார்பாளையம் பெட்டி விழுந்தா, பொம்மையார்பாளையம்னு ஒரே ஒரு மெசேஜ். அவ்வளவுதான்."

சகாதேவனுக்கு இது பிடிக்கவில்லை. பந்தியில் உட்காரவைத்து இலையை எடுத்துவிட்டது போல ஆகிவிட்டது முகம். "அப்ப மரக்காணம் டவுன்னு மரக்காணத்துக்கு யாரு சொல்றது?"

"அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்ணே?"

"என்ன இருந்தாலும் நாம சொல்ற மாதிரி வருமா?"

ஆனால் பாய் உத்தரவு போட்டுவிட்டார். தௌபீக் தானே செய்துவிடுவதாகச் சொன்னான். அங்கேதான் வினை வந்தது. "யாரு யாரை நம்பி இருக்காங்கன்றது அட்மினிஸ்ட்ரேஷன் மேட்டர். இதுல நீ கை வைக்காத" என்று சொல்லி அவனை இரும்பைக்கு வேறு வேலையாக அனுப்பிவிட்டு, சகாதேவனே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது சொல்லுங்கள், 'யார் யாரை நம்பி இருக்கிறார்கள்?' என்று உங்களைக் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கம்பி எங்கே போகிறது, சிக்னல் எங்கே போகிறது என்று பார்ப்பீர்கள். சகாதேவன் ஆளைப் பார்த்தார். எல்லோரும் யாரை நம்பி இருக்கிறோம்? முதலாளியை. ஆகவே எல்லாவற்றுக்கும் உச்சியில் ஹபீப் முஹம்மது பாயின் மேசைக் கம்ப்யூட்டர். அதற்குக் கீழே சகாதேவனின் கம்ப்யூட்டர். அதற்குக் கீழே என்னுடையது, சர்வீஸ் அதிகம் என்பதால். அதற்குக் கீழே வாடிக்கையாளர்கள், பழைய வாடிக்கையாளர் மேலே, புதியவர் கீழே, வெள்ளைக்காரர்கள் என்பதால் ஆரோவில்காரர்களுக்கு ஒரு படி சலுகை. அப்புறம் மரக்காணம். எல்லாவற்றுக்கும் அடியில், யாருக்கும் சொந்தமில்லாமல், ஐஸ் கம்பெனி மாடியில் காக்கை எச்சத்தோடு நிற்கிற பொம்மையார்பாளையத்துப் பெட்டி. "ஒரு பெட்டிக்கு என்னப்பா மரியாதை?" என்றார்.

இதோடு விட்டாரா? பாயின் பேரிலேயே அவருடைய கம்ப்யூட்டருக்கும் பெயர் இருந்தது. அவர் கம்ப்யூட்டரை அணைத்தால் 'ஹபீப் முஹம்மது டவுன்' என்று மெசேஜ் வரும். சகாதேவன் காதைப் பொத்திக்கொண்டார். "மனுஷன் நல்லா இருக்கும்போது இப்படி ஒரு செய்தி வரலாமா? அபசகுனம்." அந்த ஒரு மெசேஜை மட்டும் வராதபடி நிறுத்தி வைத்தார். ஆக, பாய் கம்ப்யூட்டரை அணைத்தால் மொத்தக் கடற்கரையையும் யாரும் கவனிக்கமாட்டார்கள், கவனிக்கவில்லை என்பதையும் யாரும் சொல்லமாட்டார்கள். இவ்வளவு கச்சிதமாக ஒரு காரியத்தைக் கெடுக்க வேண்டுமென்று உட்கார்ந்து யோசித்தாலும் நம்மால் முடியுமா?

அதற்கடுத்து வந்த நாட்களில் எதுவும் கெடவில்லை. அதனால் மெசேஜும் வரவில்லை. கெடாததன் பெருமை சகாதேவனுக்குப் போயிற்று. பாய் வந்து திரையைப் பார்த்தார். உச்சியில் தன் பெயர், அதிலிருந்து கோடு கோடாகக் கீழே இறங்கி ஊர் ஊராகப் பிரிகிற படம். மனிதர் நெகிழ்ந்துபோனார். அதைக் கலரில் பிரிண்ட் எடுத்து, சட்டம் போட்டு, தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டச் சொன்னார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். "பாருங்க, மரக்காணம் வரைக்கும் நம்மள நம்பித்தான் இருக்குது."

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆத் தொழுகைக்குக் குளித்துத் தயாராக வேண்டும் என்று பாய் ஆபீசிலிருந்து முன்னாலேயே கிளம்பிவிடுவார். வாரத்தில் அந்த ஒரு நாள் மட்டும் அணைக்கிற கம்ப்யூட்டரை அன்றும் அணைத்து, தூசி படாமல் துணியைப் போட்டு மூடி, "சலாம்" சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் தௌபீக்கும் பள்ளிவாசலுக்குப் போனான். அந்த நேரம் பார்த்து, பொம்மையார்பாளையத்தில் ஐஸ் கம்பெனி ஆள் யாரோ செல்போன் சார்ஜ் போட இடமில்லாமல் நம் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

சாஃப்ட்வேர் என்ன செய்யும், பாவம்? உச்சியில் இருக்கிற பெரியவரே பேசவில்லை. கீழே இருக்கிறவர்களை எதற்குக் கூப்பிடுவது என்று அது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. சகாதேவனின் இரண்டு செல்போன்களும் தூங்கின.

ஆபீஸ் போன் அடித்தது. எடுத்தவர் சகாதேவன். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது அவர் வழக்கம் என்பதால் எனக்கும் கேட்டது.

"சார், மரக்காணத்துலேருந்து ஆன்மேரி பேசறேன். மேகப் படம் காலைல வந்ததே நிக்குது சார், புதுசு வரமாட்டேங்குது. லைன் போயிடுச்சா?"

"இங்க ஒண்ணுமே வரலியேம்மா."

"வெளிய வடக்கால கருக்கலா இருக்குது சார்."

"அட, லைன் போயிருந்தா எனக்குத்தானே முதல்ல மெசேஜ் வந்திருக்கும்? எல்லாம் அமைதியா இருக்குது. உங்க கம்ப்யூட்டரை ஒரு தடவை நிறுத்திட்டுப் போடுங்க. துடைச்சும் பாருங்க, உப்புக்காத்து."

அவள் நிறுத்திப் போட்டாள். துடைத்தாள். மறுபடி கூப்பிட்டாள். இவர் மறுபடியும் அதையே சொன்னார். நான் எழுந்து போய் அந்தத் திரையைப் பார்த்தேன். கடற்கரை முழுவதும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. "சகாதேவன், இது என்ன இப்படி வெளுத்துக் கிடக்குது?" என்று கேட்டேன். "ரெஸ்ட்ல இருக்குதுபா" என்றார். எனக்கும் அதற்கு மேல் தெரியவில்லை, திரும்பி வந்து பில் எழுதினேன்.

மரக்காணத்தில் அரைமணி நேரம் நல்ல மழை. ஆன்மேரி கடைசியில் மேகப் படத்தைக் கைவிட்டு வெறுமே மைக்கைப் பிடித்துக் கத்தியிருக்கிறாள். அதற்குள் முதல் துளி விழுந்துவிட்டது. மேற்கு வரிசைப் பாத்திகளில் இருந்தவர்கள் ஓடிப்போய் வாரினார்கள், கிழக்கு வரிசையில் வாருவதற்கு எதுவும் மிச்சமில்லை. வெயிலில் நின்று விளைவித்த உப்பு கண்ணெதிரே தண்ணீராகிப் போவதைப் பார்த்தவர்களிடம் போய் நாம் என்ன பேச முடியும்? 

தொழுகை முடிந்து வந்த தௌபீக் திரையைப் பார்த்தான், பாயின் மூடி வைத்த கம்ப்யூட்டரைப் பார்த்தான், சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தான். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் காலை பஸ் பிடித்து ஆன்மேரியே வந்துவிட்டாள். வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் சங்கக் கூட்டம், அதில் சென்டரை மூடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போகிறார்கள் என்றாள். தௌபீக் பாயிடம் விஷயத்தைச் சொன்னான். சகாதேவன் பெயரை எடுக்காமல், பாய் மனசும் கோணாமல், ஒரு மணி நேரம் சுற்றி வளைத்துச் சொன்னான். விஷயம் இதுதான்: உங்கள் கம்ப்யூட்டரை உச்சியிலிருந்து எடுக்க வேண்டும்.

பாய் திரும்பிச் சுவரைப் பார்த்தார். "வேணும்னா நான் வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டரை நிறுத்தாம போறேன்."

"கரண்ட் போனா அதுவும் நின்னுடுமே பாய்."

"யு.பி.எஸ். வாங்கிடலாம்."

"பாய், உங்களை நம்பி அங்க எதுவுமே இல்ல."

சொன்ன பிறகுதான் தௌபீக்குக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். பாயின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அந்தப் பாலைவனத்தில் எத்தனை வருஷம் உழைத்து, ஊர் திரும்பி, எல்லாம் நம்மை நம்பி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதர். சகாதேவன் உடனே பாய்ந்து வந்தார். "முதலாளியைக் கீழ எறக்கறதா? இந்த ஆபீஸ்ல அது நடக்காது." பாயும் தலையை ஆட்டினார்.

அப்போதுதான் ஆன்மேரி வாயைத் திறந்தாள். அழவில்லை, கத்தவும் இல்லை.

"பாய், நீங்க தொழுகைக்குப் போறதுல தப்பே இல்ல. நீங்க போனா உங்க கூடவே மரக்காணமும் போயிடுதே, அதான் எங்களுக்குக் கஷ்டமா இருக்குது. எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குது. இந்த சென்டரை மூடிட்டாங்கன்னா நான் அதுங்களுக்கு என்ன பதில் சொல்லுவேன்? முதலாளி பேரு மேல இருந்துச்சு, அதனால உங்க படிப்பு நின்னுடுச்சுன்னு சொல்லவா?"

பாய் ரொம்ப நேரம் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, சட்டம் போட்ட படத்தைத் தானே கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"என்னைக் கீழ போடு தௌபீக்."

"சரிங்க பாய்."

"எவ்வளவு கீழ?"

"கடைசில பாய்."

"போடு" என்றார். "அந்த மெசேஜையும் நிறுத்தாத. நான் டவுன்னா டவுன்னு வரட்டும். உசிரெடுக்க மவ்த்து வர்றப்ப உன் சாஃப்ட்வேரைக் கேட்டுக்கிட்டா வரப்போவுது?"

தௌபீக் உட்கார்ந்து கம்பி போகிற வழியில் கோடு போட்டான். உச்சியில் எங்கள் ஆபீஸ் மாடி, அதற்கடுத்து பொம்மையார்பாளையத்துப் பெட்டி, அதை நம்பி இரும்பையும் ஆரோவில்லும் மரக்காணமும். மெசேஜ் தன்னுடைய செல்போனுக்கும் வரும்படி வைத்தான். சகாதேவன் இதையெல்லாம் ஒரு துக்க வீட்டில் நிற்கிற மாதிரி பின்னால் நின்று பார்த்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை. வானம் காலையிலிருந்தே மூட்டம். பாய் கம்ப்யூட்டரை அணைத்துத் துணி போட்டு மூடிவிட்டுக் குளிக்கப் போனார். அவர் போன கையோடு, ஐஸ் கம்பெனி ஆளுக்கு மறுபடி செல்போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. போனவாரம்தான் சொல்லிவிட்டு வந்திருந்தோம், கேட்டால்தானே?

இரண்டே இரண்டு மெசேஜ் வந்தன. ஒன்று, 'ஹபீப் முஹம்மது டவுன்'. இன்னொன்று, 'பொம்மையார்பாளையம் டவுன்'. தௌபீக் இரண்டாவதைப் பார்த்தான், வண்டிச் சாவியை எடுத்தான், போனான். பிளக்கைத் திரும்பச் செருகி, பிடுங்க முடியாதபடி டேப் சுற்றி, ஐஸ் கம்பெனி ஆளிடம் இரண்டு வார்த்தை நல்லபடியாகவும் நாலு வார்த்தை வேறுவிதமாகவும் பேசிவிட்டு, குத்பா பிரசங்கம் ஆரம்பிக்குமுன் பள்ளிவாசலில் வந்து உட்கார்ந்துவிட்டான். மரக்காணத்தில் மேகப் படம் புதுசாக வந்தது. ஆன்மேரி மைக்கைப் பிடித்தாள். அத்தனை பாத்தியும் வாரி, குவித்து, மூடியாகிவிட்டது. மழை வந்து தார்ப்பாய்மேல் கொட்டிவிட்டுப் போயிற்று. சாயங்காலம் கூட்டத்தில் அர்ச்சுனன் எழுந்து, "சென்டர் இருக்கட்டும்" என்று மூன்று சொல்லாகக்கூட இல்லாமல் முடித்துவிட்டதாகக் கேள்வி.

நல்லது. சகாதேவன் எந்த மெசேஜைப் பார்த்தார் என்று நான் இன்னும் சொல்லவில்லையே?

தொழுகை முடிந்து ஹபீப் முஹம்மது பாய் வெளியே வந்தபோது, பள்ளிவாசல் வாசலில் ஒரு கூட்டம். மச்சினர்கள் இருவர், பெண் கொடுத்த சம்பந்தி, காய்கறிக் கடைக்காரர், அவர் குடியிருக்கிற மரைக்காயர் தெரு முழுவதும். ஒரு ஆட்டோவில் அவர் மனைவி கரீமா, தலைவிரிகோலமாக, வாயில் துணியை வைத்துக்கொண்டு. பாயைப் பார்த்ததும் சம்பந்தி ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். துபாயிலிருந்து மகன் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தான், செல்போனை ஒருவர் பாயின் காதில் வைத்தார். "நான் நல்லாத்தான்டா இருக்கேன்" என்று பாய் நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"யாரு சொன்னது உங்களுக்கெல்லாம்?"

எல்லோரும் ஒரே பக்கமாகக் கையைக் காட்டினார்கள். வேப்பமரத்தடியில், இரண்டு செல்போன்களையும் பிடித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து சகாதேவன் நின்றுகொண்டிருந்தார். குற்றவாளி மாதிரி இல்லை. ஒரு பெரிய பொறுப்பைச் சரியாக முடித்த களைப்புதான் முகத்தில்.

"முதலாளி, நான் ஒருத்தர் விடாம எல்லாருக்கும் தெளிவாச் சொன்னேன், கம்ப்யூட்டர்தான் டவுன், நீங்க நல்லாத்தான் இருக்கீங்கன்னு."

"அப்ப எதுக்குய்யா இத்தனை பேரு அழுவறாங்க?"

"அதை ரெண்டாவது போன்ல சொன்னேன் முதலாளி. முதல் போன்ல விஷயத்தை மட்டும்தான் சொன்னேன். அது வேற, இது வேற இல்லீங்களா?"

அவ்வளவுதான். சகாதேவன் இன்றும் அங்கேதான் இருக்கிறார், சம்பளமும் கூடியிருக்கிறது. அவரை நீங்கள் பார்க்கவேண்டுமென்று ஆசைப்பட்டால் கோட்டக்குப்பம் வரை வரவேண்டியதில்லை. இதைப் படிக்கும்போதே, "அட, இது அப்படியே நம்ம மச்சானாச்சே" என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். தோன்றியதும் கை தானாகவே செல்போனுக்குப் போயிருக்கும். தங்கைக்குச் சொல்வீர்கள். தம்பிக்குச் சொல்வீர்கள். சித்தப்பாவுக்கு, ஆபீஸ் நண்பருக்கு, எதிர்வீட்டுக்காரருக்கு என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சிரித்துச் சிரித்துச் சொல்வீர்கள்.

மச்சானிடம் மட்டும் சொல்லமாட்டீர்கள்.